உன் சொட்டு மருந்தை அந்தக் கோழிக்கு விடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. வரிகள் நேராக ஓடுவதைப் பார்த்ததுமே கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். போன கடிதத்தில் ஒவ்வொரு வரியும் மலையேறிக்கொண்டிருந்தது. நிறங்கள் எல்லாம் கழுவி வைத்ததுபோல் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக வெள்ளை என்று நம்பி நீ உடுத்திக்கொண்டிருந்த சட்டைகளின் உண்மையான நிறம் இனியாவது உனக்குத் தெரியட்டும்.

இரவோடு இரவாகப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கண் இல்லை. கடைசிப் பத்தியில் போகிற போக்கில் உன் பழுப்புப் பெட்டையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதன் கண். இரண்டு நாளாக ஒரு கண்ணை மூடிக்கொண்டே நிற்கிறது, ஓரத்தில் பீளை கட்டியிருக்கிறது, அறுவைக்குப் பின் உனக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது, அதையே விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

விடாதே. இந்தக் கடிதம் வருவதற்குள் விட்டிருந்தால் இத்தோடு நிறுத்திவிடு.

புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சொட்டுகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். வீக்கத்தை அடக்க உன் கண்ணுக்கு அது தேவை. ஆனால் கோழியின் கருவிழியில் ஒரு கீறல் இருந்தால், அதே மருந்து புண்ணை ஆறவிடாமல் செய்து கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். சின்னக் கீறல் ஆழமான குழியாகிக் கண்ணே போய்விடலாம். கீறல் இருக்கிறதா இல்லையா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் கோழிக்குக் கால்நடை மருத்துவர் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தைக் காட்டினார். கருவிழியின் கீழோரத்தில் ஒரு நகக்கீற்று அளவுக்குப் பச்சையாக ஒளிர்ந்தது. அதுவரை அங்கே புண் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மருந்துப் பெட்டியில் வேறு பழைய கண் களிம்பு கிடந்தால் அதையும் தொடாதே. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மனிதர் கண்ணுக்கு நெடுங்காலமாகப் புழங்கும் மருந்துதான். ஆனால் முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று பல நாடுகளில் தடை இருக்கிறது. உணவில் மிஞ்சும் துளியளவு மருந்துகூட, அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும் என்ற அச்சம்தான் காரணம். உன் பெட்டை முட்டையிடுகிற பெட்டை. அந்த முட்டையைத் தின்பது நீ.

இனி என் கதையைச் சொல்கிறேன். எங்கள் சாம்பல் கோழியை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது உன் செருப்பின் வாரைக் கொத்திக்கொண்டே இருந்தவள். சில மாதங்களுக்கு முன் அவளுக்கும் இதே கோலம்தான். வலக்கண் மூடிவிட்டது. இமையிரண்டும் ஒட்டி, ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு. நான் பெரிய வைத்தியன்போல ஒரு சொட்டு மருந்தை வாங்கிவந்து, நாளைக்கு மூன்று வேளை அந்த மூடிய இமைமேல் விட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாள். நான்காம் நாள் என் மனைவி, "சாத்தியிருக்கிற கதவுக்கு ஏன் தண்ணீர் தெளிக்கிறீர்கள்?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அவள் சொன்னதுதான் சரி. நமக்குக் கண்ணில் சீழ் பிடித்தால் அது வழிந்து வெளியே வந்துவிடும். கோழிக்கு அப்படி வழியாது. நம் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் உண்டு. பறவைகளுக்கு அந்த வசதி குறைவு. அதனால் அவற்றின் சீழ் தயிராகத் திரண்டு, பிறகு ரப்பர்போல் இறுகி, இமைக்கடியில் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். எந்த மருந்தும் அதற்குள் இறங்காது. அந்தக் கட்டி அங்கேயே இருக்கும்வரை, கண்ணை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கருவிழியை உரசும். என் சாம்பலின் கீறல் முதலில் எப்படி வந்ததோ, அதை நான்கு நாள் வளரவிட்டது என் சொட்டு மருந்து வைத்தியம்தான்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. கண்ணளவில் போடாதே, நிறுத்துப் போடு. கண்ணீரின் உப்பும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் எரியாது. வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சை நனைத்து மூடிய இமைமேல் வைத்து ஐந்து நிமிடம் அப்படியே பிடித்திரு. ஆறிவிட்டால் புதுப் பஞ்சு. பொருக்கு ஊறி இளகும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடை. இமை திறக்க மறுத்தால் அந்த வேளைக்கு அதோடு விட்டுவிடு, மறுபடி மாலையில் பார்த்துக்கொள்ளலாம். நகத்தாலோ இடுக்கியாலோ நெம்பினாயானால் பிறகு என்னிடம் அழக்கூடாது.

கோழியைப் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறகோடு சேர்த்து ஒரு துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நெஞ்சை இறுக்கக்கூடாது. கோழிக்கு நம்மைப்போல் மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசைத்திரை இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நீ பாசத்தில் இறுக்கி அணைத்தால் சத்தமில்லாமல் மூச்சடைத்துப்போகும். வெளிச்சம் குறைந்த அறையில் செய்தால் அது பாதித் தூக்கத்தில் ஒத்துழைக்கும். சாம்பல் இரண்டாம் நாளே என் மடியில் கழுத்தைச் சாய்த்துக் கண் அயர ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பஞ்சை எடுத்தபோது கீழிமை தானாகத் திரும்பியது. உள்ளேயிருந்து பட்டாணி அளவில், வெளிர் மஞ்சளாக, ஒரு பக்கம் தட்டையாக ஒரு கட்டி வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, ஏதோ புதையல் எடுத்ததுபோல் ஒரு குதூகலம். ஒரு தட்டில் வைத்துப் பிளந்து பார்த்தேன். நடுவில் ஒரு உமித் துணுக்கு. கூட்டில் நான் பரப்பிய உமியேதான். அந்தத் துணுக்கு மூன்றாவது இமைக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. மேலிமை, கீழிமை போக, மூக்குப் பக்கத்திலிருந்து கண்ணுக்குக் குறுக்கே திரைபோல் வந்து போகும் ஒரு மெல்லிய இமை கோழிக்கு உண்டு. தூசி துடைக்க அமைந்த அந்தத் திரையே தூசியை ஒளித்துவைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் மருந்து. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் களிம்பைக் கீழிமைக்குள் ஒரு அரிசி நீளத்துக்கு, அவர் சொன்ன நாள்கள் முழுவதும். கண் திறந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தவில்லை. அந்த நாள்களிலும் அதற்குப் பின் அவர் சொன்ன கெடு முடியும்வரையிலும் அவள் இட்ட முட்டைகளை நாங்கள் தொடவில்லை.

இதற்கிடையில் அவள் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியாமல் போனது. எப்போதும்போல் தரையில் தீனி தூவிவிட்டுப் போய்விடுவேன். கொத்திக்கொண்டுதான் இருந்தாள். மாலையில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் வெறும் பை. உட்கார்ந்து கவனித்தேன். தானியத்துக்கு விரற்கடை தள்ளிக் கொத்துகிறாள், இல்லையென்றால் பொடிக்கல்லைக் கொத்தித் துப்புகிறாள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது: கோழிக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலை செய்வதில்லை. கல்லிலிருந்து தானியத்தைப் பிரித்துப் பார்ப்பதில் வலக்கண் தேர்ந்தது. பருந்து வருகிறதா என்று பார்ப்பதில் இடக்கண். முட்டைக்குள் கடைசி நாள்களில் குஞ்சு சுருண்டிருக்கும்போது இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடுகிறது, வலக்கண் ஓட்டின் பக்கம் பார்த்திருக்கிறது. ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் ஒரு கண்ணுக்கு மட்டும் கிடைப்பதால் வரும் வித்தியாசமாம் இது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டுக்குள் இருக்கும்போதே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பார். அவளுக்கு ஆழமான கிண்ணத்தில் தீனியை நிறையக் கொட்டி, தினமும் ஒரே இடத்தில் வைத்தேன். எங்கே கொத்தினாலும் தீனிதான். இரண்டே நாளில் தேறிவிட்டாள்.

என் கதை உமியோடு முடிந்துவிட்டது. உன் பெட்டைக்கும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. கழுவுவதற்கு முன் டார்ச் அடித்து நன்றாகப் பார். கண்ணின் மூக்கோரத்தில் சோப்பு நுரைபோல் குமிழி தெரிகிறதா? தும்முகிறதா? மூச்சில் களகள சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் நோய் கண்ணில் மட்டும் இல்லை, மூச்சுக்குழலிலும் முகத்தின் காற்றறைகளிலும் இருக்கிறது. பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதற்குக் கண்ணுக்கு மட்டும் மருந்திட்டால் போதாது. தேறின பிறகும் அந்தக் கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். அதை அடைவைக்கவோ யாருக்கும் தரவோ கூடாது. கண்ணுக்குக் கீழே கன்னம் உருண்டு வீங்கி, மூக்கிலிருந்து துர்நாற்றமடித்தால் கொரைசா என்ற பாக்டீரியாச் சளிநோயாக இருக்கலாம். இமையிலும் கொண்டையிலும் மருபோல் பொருக்குகள் இருந்தால் அம்மை. கொசு பரப்புவது அது. வைரஸ் என்பதால் அதற்கென்று மருந்து கிடையாது, பொருக்கைப் பிய்க்காமல் கண்ணைச் சுத்தமாக வைத்துத் தீனி தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். பல கோழிகளுக்கு ஒரே நாளில் கண் கலங்கினாலோ, திடீரென்று செத்து விழுந்தாலோ வீட்டு வைத்தியத்தை மூட்டைகட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. வெள்ளைக்கழிச்சலுக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் உப்புத் தண்ணீர் மருந்தில்லை.

இன்னொன்று. விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பார்க்கச் சொல். மூக்கில் சுரீரென்று ஏறினால் அது ஈரமான எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. அதுவே கண்ணை எரித்துவிடும். நின்றபடி முகர்ந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. இரவெல்லாம் அதில் படுத்துக்கிடப்பது அவைதானே.

"பார்க்கச் சொல்" என்று எழுதியதைக் கவனித்தாயா? நீ பார்க்கக்கூடாது. அறுத்த கண் ஆறும்வரை கூட்டுப்பக்கமே போகாதே. உமித்தூசி போதாதென்று, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸ் மனிதர் கண்ணிலும் அழற்சி உண்டாக்கும். சும்மா இருக்கும் கண்ணில் அது சில நாளில் போய்விடும், உன் கண் இப்போது சும்மா இருக்கும் கண் இல்லை. உன் மகனைச் செய்யச் சொல். நீ தள்ளி நாற்காலி போட்டு அதிகாரம் செய், உனக்குக் கைவந்த கலைதானே. அவனும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நோயாளியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கட்டும். ஒரு கண் மூடிய கோழியை மற்றவை கொத்தியே ஒடுக்கிவிடும்.

இங்கே வேறு செய்தி அதிகமில்லை. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், நேராகக் கோழிக்கூட்டுக்குத்தான் நடக்கிறாள். சாம்பலின் வலக்கண்ணில் வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கமாகப் போனால் திடுக்கிட்டுத் துள்ளுகிறாள். அதனால் குழந்தைக்கு இடப்பக்கமாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இப்போது எல்லாக் கோழிக்கும், எனக்கும்கூட, இடப்பக்கமாகவே சுற்றி வருகிறாள்.

டார்ச் அடித்துப் பார்த்ததும் நுரையா, கட்டியா, மருவா, எது என்று எழுது. இரண்டு மூன்று நாள் கழுவியும் கண் திறக்கவில்லை என்றாலும், கருவிழி பால்போல் வெளுத்தாலும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்