சண்டிகர் புறப்படும் முன் ஒரு நன்றி மடல்

எங்கள் மகளிர் துடுப்புப் படகு அணிக்குத் துணைநின்ற பெரியோர்க்கும், அக்காமார்க்கும், அண்ணன்மார்க்கும், தோழியர்க்கும் வணக்கம்.

சண்டிகரின் சுக்னா ஏரியில் நடைபெறவுள்ள அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான துடுப்புப் படகுப் போட்டிக்கு, எங்கள் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணியாக எங்கள் கல்லூரி மாணவியரே தேர்வாகியிருக்கிறோம். நாளை மறுநாள் சென்ட்ரலில் ரயில் ஏறுகிறோம். போட்டி முடிந்த பிறகு எழுதினால் முடிவைப் பற்றிய பேச்சே மேலோங்கி, உதவியவர்களின் பெயர் கடைசிப் பத்திக்குப் போய்விடும். ஆகவே முடிவு தெரியாத இந்த வாரத்திலேயே இதை எழுதுகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நாங்கள் துடுப்பு வலிப்பதை இதுவரை பார்த்ததே இல்லை. விடியும் முன் தொடங்கி, ஊர் பரபரப்பாகும் முன் முடிந்துவிடும் பயிற்சி இது. எனவே வெறுமனே நன்றி என்று சொல்லி நிறுத்தாமல், ஒவ்வொருவரும் செய்த உதவி படகில் எந்த இடத்தில் போய்ச் சேர்ந்தது என்பதையும் தெரிவிப்பது முறை என்று கருதுகிறோம்.

நாங்கள் பயிற்சி செய்வது அடையாற்றில், கோட்டூர்புரம் பாலத்துக்கும் திரு.வி.க. பாலத்துக்கும் இடைப்பட்ட நீரில். 1867-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப்பால் துடுப்புப் படகு இந்த நகரத்துக்குப் பழகிய விளையாட்டுதான் என்றாலும், ஆற்றின் இன்றைய நிலை எல்லோரும் அறிந்ததே. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் நீர் தேங்கி நாற்றம் எடுக்கும். வடகிழக்குப் பருவமழையில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைத் திறந்துவிட்டால் ஆகாயத்தாமரையும் மரக்கட்டைகளும் அடித்துக்கொண்டு வரும். அந்த நாள்களில் படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. போட்டி நடப்பதோ, சிவாலிக் மலையடிவாரத்தில் 1958-இல் அணைகட்டி உருவாக்கிய ஏரியில், 2,000 மீட்டர் நேர்கோட்டில். அவ்வளவு நீளத்துக்கு வளைவில்லாத நீர்ப்பரப்பு எங்களுக்குக் கிடைப்பதில்லை. இருக்கும் ஆற்றில், இருக்கும் நேரத்தில் படகுக் கொட்டகையில் இடம் தந்து, எங்கள் படகுகளைத் தங்கள் படகுகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்ட படகுக் கழகத்தாருக்கும், விளக்கு வெளிச்சத்தில் படகை இறக்கி ஏற்ற உதவிய கொட்டகைப் பணியாளர்களுக்கும் எங்கள் முதல் நன்றி.

அடுத்து, ஆற்றில் வீச்சுவலை போடும் மீனவ அண்ணன்மார்க்கு. துடுப்பு வலிப்பவர்கள் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டித்தான் அமர வேண்டும். எங்கள் நால்வர் படகில் வழிகாட்டும் காக்ஸும் கிடையாது. நால்வரில் ஒருத்தி தன் காலணியைப் பக்கவாட்டில் திருப்ப, அதனோடு பிணைத்த கம்பி சுக்கானை இழுக்கும். அவள் அவ்வப்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு முன்புறத்தில் கண் இல்லை. நாங்கள் வந்தால் உங்கள் வலைக்கும் ஆபத்து, மீனும் கலையும். ஆரம்பத்தில் நீங்கள் எங்களைத் திட்டியதில் நியாயம் இருந்தது. பிறகு ஒரு பெரியவர் எங்கள் பயிற்சியாளரிடம் பேசி, வலை போடும் பக்கம் இது, பிள்ளைகள் போகும் பக்கம் அது என்று ஆற்றைப் பிரித்துக் கொடுத்தார். அன்றுமுதல் இருட்டில் எங்கள் படகுச் சத்தம் கேட்டதும், “பாப்பா, இடது பக்கம் வலை!” என்று டார்ச்சைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். எங்களுக்கும் உங்களுக்கும் இடது பக்கம் எதிரெதிர் என்பது எல்லோருக்கும் புரிய ஒரு வாரம் பிடித்தது. கடலும் ஆறும் உங்கள் பிழைப்பு, எங்களுக்கு அது விளையாட்டு. அப்படியிருந்தும் வழிவிட்டதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு, மிதந்து வந்த கட்டை ஒன்று மோதி எங்கள் நால்வர் படகின் அடிப்புறம் விரிசல் கண்டது. புதுப் படகு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அப்போது காசிமேட்டில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் தன் பையோடு கொட்டகைக்கே வந்தார். அலையில் மோதித் தாங்குவதற்காகத் தடிமனாகச் செய்யப்படும் படகுகளே அவருக்குப் பழக்கம்; கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் எங்கள் படகின் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை வெச்சா தண்ணியில போறீங்க?” என்றுதான் கேட்டார். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து விரிசலைச் சுற்றி அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதால் கேட்டார். ஓசை கணீரென்று இருந்த இடத்தை விட்டுவிட்டு, மொத்தையாகக் கேட்ட இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். வெளியே தெரிந்த விரிசல் விரல் நீளம்தான். உள்ளே அடுக்கு பிரிந்திருந்த பரப்பு உள்ளங்கை அகலம். அதைச் சுரண்டி எடுத்து, மெல்லிய ஃபைபர் பாயை ரெசினில் நனைத்து ஒட்டி, நிழலில் காயவிட்டு, வாட்டர் பேப்பரால் கை வலிக்கத் தேய்த்து முடித்தார். நால்வர் படகு 50 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி; அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் நாங்களே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லியிருந்ததால், அதிகப்படியாக ஒரு அடுக்குகூட அவர் வைக்கவில்லை. ரெசினுக்கான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அண்ணா, ஒட்டிய இடத்தில் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

சைதாப்பேட்டையில் செருப்புத் தைக்கும் ஐயாவுக்கும் இதே மூச்சில் நன்றி சொல்ல வேண்டும். படகுக்குள் காலணிகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். படகு கவிழ்ந்தால் கால் சிக்காமல் வெளியே வர, குதிகால் அளவோடு மட்டுமே உயரும்படி அதைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். கயிறு அறுந்த படகைப் போட்டிக்கு அனுமதிக்க மாட்டார்கள். நைந்துபோன அத்தனை காலணிகளுக்கும் புது வார் தைத்து, இழுத்தால் உடனே பிரியும் பட்டையும் வைத்துக் கொடுத்தீர்கள். அது எங்கள் உயிருக்கான தையல்.

நீந்தத் தெரியாத எவரையும் படகில் ஏற்றுவதில்லை என்பது பயிற்சியாளரின் சட்டம். அணிக்கு வந்தவர்களில் சிலருக்கு நீச்சல் தெரியாது. வேளச்சேரி நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் அவர்களைப் பொறுமையாகப் பழக்கிய ஆசிரியைக்கு நன்றி. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்த கையோடு சாக்கடை கலந்த நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு என்று எச்சரித்து, காயத்தை எப்படி மூடுவது, காய்ச்சல் வந்தால் எத்தனை விரைவில் தன்னிடம் வர வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுவிட்ட மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி.

இனி எங்கள் பெற்றோருக்கு. இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எங்களுக்குள் நிறைய விவாதம் நடந்தது. வீட்டாருக்குப் பொதுவில் நன்றி சொல்வது நம் வழக்கமில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் உண்மையில் எங்கள் அணி உடைந்துபோகும் நிலைக்கு வந்தது ஆற்றினாலோ பணத்தினாலோ அல்ல, வீட்டுக் கூடத்தில் எழுந்த கேள்விகளால்தான். வெயிலில் கறுத்துப் போவாள், தோள் அகன்றுவிடும், நாளை பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள், விடியற்காலை நாலரை மணிக்கு வயதுப்பெண்ணை எப்படித் தனியே அனுப்புவது என்ற கேள்விகள் அவை. உடலோடு ஒட்டிய போட்டிச் சீருடையைப் பார்த்ததும் ஒரு வீட்டில் பேச்சே நின்றுபோனது. இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. கேட்காமல் மறுத்துவிட்ட வீடுகளும் உண்டு. எங்கள் பெற்றோர் கேட்டார்கள், பதிலுக்குக் காது கொடுத்தார்கள்.

உடற்கல்வி இயக்குநர் அம்மையார் பெற்றோரை அழைத்து நடத்திய கூட்டத்தில், பெண்களுக்கு இந்த விளையாட்டில் கதவு திறந்ததே தாமதமாகத்தான் என்பதை விளக்கினார். ஒலிம்பிக்கில் மகளிர் துடுப்புப் படகு சேர்க்கப்பட்டது 1976-இல், மான்ட்ரியலில். அப்போதும் ஆண்களுக்கு 2,000 மீட்டர், பெண்களுக்கு 1,000 மீட்டர். 1988 சியோல் ஒலிம்பிக்கில்தான் தூரம் சமமாயிற்று. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் இருவர் பிரிவில் வெண்கலம் வென்ற ஒடிசாவின் பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் ஆகியோரின் படத்தையும் காட்டினார். அந்தப் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்த ஒரு பாட்டி, “இவங்களும் நம்ம நெறம்தானே” என்றார். அந்த ஒரு வரி அன்றைய கூட்டத்தை முடித்துவைத்தது. பிறகு பெற்றோர்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்து வரத் தொடங்கினார்கள். இரவு வேலை முடித்துத் தூங்காமல் பைக்கில் கொண்டுவந்து விட்ட அப்பா, அந்த நேரத்திலும் கூடுதல் கட்டணம் கேட்காத எங்கள் ஆட்டோ அண்ணன், தாம்பரத்திலிருந்து முதல் மின்சார ரயிலில் மகளோடு வந்து, அவள் கரையேறும்வரை படிக்கட்டில் அமர்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஆகியோர் இல்லாமல் படகில் நான்கு இருக்கைகள் ஒருநாளும் நிரம்பியிருக்காது.

விடுதியில் தங்கியவர்களுக்காக, ஆறு மணிக்குத் திறக்கும் வாசலைத் தன் பொறுப்பில் நாலே முக்காலுக்குத் திறக்கச் செய்த காப்பாளர் அம்மாவுக்கும், தினமும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே கதவைத் திறந்த காவலாளி ஐயாவுக்கும் நன்றி. மெஸ் அக்காவைப் பற்றி மட்டும் தனியே ஒரு மடல் எழுதலாம். நாங்கள் திரும்பி வரும்போது காலை உணவு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அக்கா எங்களுக்கான இட்லியைத் துணி மூடித் தனியே வைத்திருப்பார். கூடவே அவித்த முட்டையும், முட்டை சாப்பிடாதவளுக்குச் சுண்டலும், ஒரு தூக்கில் கேழ்வரகுக் கஞ்சியும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. யார் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்தார்.

பயிற்சிக்காக வகுப்புக்கு வராத நாள்களை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. படிவங்களில் பேராசிரியர்கள் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டார்கள். இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டவர்களுக்கு மறுதேர்வு வைத்தார்கள். ஆய்வகத்தை மாலையில் எங்களுக்காகத் திறந்துவைத்த ஆய்வக உதவியாளர் அக்கா, ரெக்கார்டு நோட்டு முடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை. முன்னாள் மாணவியர் சேர்ந்து பழையதாக வாங்கித் தந்த எர்கோமீட்டர் (சுருக்கமாக எர்க்; தரையில் அமர்ந்தே துடுப்பு வலித்துப் பழகும் இயந்திரம்), இடமில்லாமல் கலையரங்க மேடையின் பின்புறம் வைக்கப்பட்டது. அதன் காற்றாடிச் சக்கரம் எழுப்பும் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த வீணை வகுப்புக்குப் பெருந்தொல்லை. வீணை ஆசிரியை புகார் கொடுக்காமல் தன் வகுப்பு நேரத்தை மாற்றிக்கொண்டார். ஒருநாள் உள்ளே வந்து எங்கள் இழுப்பைக் கேட்டுவிட்டு, மூன்றாவதாக அமர்ந்து இழுத்தவள் காலப்பிரமாணத்தில், அதாவது தாளத்தின் சீரான வேகத்தில், முந்துகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் அதையே பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; அவள் கேட்டது வீணை ஆசிரியை சொன்ன பிறகுதான்.

பயிற்சியாளரைப் பொறுத்தவரை, தன்னைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அலுவலகம் போகும் முன் எங்களோடு ஆற்றில் இருந்து, மாலையில் மீண்டும் வந்து, பின்தொடரும் விசைப்படகின் பெட்ரோலுக்குப் பல நாள் தன் பையிலிருந்தே கொடுத்தவர் என்பதை மட்டும் எழுதி, அவர் சொல்லை மீறுகிறோம். பயணச் செலவை ஏற்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கடைசியில் பின்வாங்கியபோது, கல்லூரி நிர்வாகமும் முன்னாள் மாணவியரும் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். நூறு ரூபாய் கொடுத்தவரையும் ஐயாயிரம் கொடுத்தவரையும் ஒரே பட்டியலில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கள் மாற்று வீராங்கனைக்கான நன்றியை வெளியார்க்கான நன்றியோடு சேர்க்கலாமா என்று தயங்கினோம். அவள் எங்களில் ஒருத்தி. ஆனாலும் எழுதியாக வேண்டும். எல்லா அதிகாலைகளிலும் வந்தாள், எல்லா எர்க் சோதனைகளிலும் இழுத்தாள், எவருக்காவது காய்ச்சல் என்றால் அந்த இருக்கையில், வலப்பக்கமோ இடப்பக்கமோ, மறுபேச்சில்லாமல் அமர்ந்தாள். நால்வர் பட்டியல் அறிவிக்கப்பட்ட மறுநாளும் முதலில் வந்து துடுப்புகளைக் கரையில் அடுக்கி வைத்திருந்தாள். சண்டிகரில் எங்கள் படகு தொடக்கக் கோட்டில் நிற்கும்போது அவள் கரையில் நிற்பாள். அந்த இருக்கைகளில் எதையும் நாங்கள் சொந்தமாகக் கருதாதபடி கடைசி நாள்வரை எங்களை உழைக்கவைத்தவள் அவளே.

போட்டி முடிவுகளை அன்றன்றைக்கே கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு நூலக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். மீனவ அண்ணன்மார்க்கு படகுக் கொட்டகையில் சொல்லிவிடுவார்கள். வட இந்தியக் குளிருக்காக ஸ்வெட்டரும் கம்பளியும் இரவல் தந்தவர்கள், ஊர் திரும்பிய வாரத்திலேயே, நாங்கள் துவைத்துத் தர, அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். எது யாருடையது என்று காலரில் நூலால் அடையாளம் தைத்திருக்கிறோம். நாங்கள் இல்லாத நாள்களில் ஆறு முழுவதும் வலைக்கே.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
மகளிர் துடுப்புப் படகு அணியினர்