கூச்சப்பட்டுச் சொல்லும் கணக்கை வைத்து மருந்தை எடை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியில் சொல்லவே கூசுகிற ஒரு நோயைப் பற்றியும், அதற்கான மருந்து ஆய்வு நடக்கிற விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன். நான் செக்கானூரணிப் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

சில வருடங்களாக எனக்குத் தண்ணீராகப் பேதி. ரத்தம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆனால் நடுராத்திரியிலும் எழுப்பிவிடும். அமீபா என்றார்கள், மனக்கவலை என்றார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்று அனுப்பினார்கள். பிறகு வேறொரு மருத்துவர், பார்வைக்கு நன்றாக இருந்த இடங்களிலிருந்தே சதைத் துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். அப்போதுதான் மைக்ராஸ்கோப்பிக் கொலைடிஸ் என்கிற பெருங்குடல் அழற்சி என்று தெரிந்தது. இந்நோயின் ஒரு வகையை 1976-இல் சுவீடன் மருத்துவர் ஒருவர் முதன்முதலாக எழுதி வைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பெருங்குடலின் உள்தோலுக்கு அடியில் கொலாஜன் என்கிற புரதப் பட்டை தடித்திருப்பதோ, தோலுக்குள் வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதோ தெரியும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகமாக வருகிறது. கேமராவில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் பேதி நிற்காதவர்கள், சதை எடுத்தார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். மூட்டுவலிக்கும் கேஸுக்கும் நாமாக மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் சிலவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு இதற்கு முதல் மருந்து புடசோனைடு, தினம் 9 மில்லிகிராம். கேட்கிறது. நிறுத்தினால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வந்துவிடுகிறது. ஸ்டீராய்டு வகை என்பதால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு வலுவிழந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரைக்குப் போவதையே விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது? அதனால் புது மருந்துக்கு ஆய்வு என்றதும் நான் தயங்கவில்லை. "உன்னைச் சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்று வீட்டில் தடுத்தார்கள். ஆய்வில் சேர ஆளில்லாமல் எந்த மருந்தும் வராது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆய்வு நடந்த தனியார் மருத்துவமனையில் பார்த்ததுதான் என்னை எழுத வைத்தது. இந்நோயில் மருந்து கேட்கிறதா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் நோயாளி எழுதும் ஒரு நோட்டு. தினம் எத்தனை தடவை போனது, அதில் எத்தனை தண்ணீராகப் போனது என்று குறிக்க வேண்டும். ஒரு வாரத்துச் சராசரியில் நாளுக்கு மூன்று தடவைக்குக் குறைவாகவும், தண்ணீராகப் போவது ஒன்றுக்குக் குறைவாகவும் இருந்தால் நோய் அடங்கியதாகக் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு இளைஞர் வராந்தாவில், பத்துப் பேர் காதில் விழக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் உசிலம்பட்டி அக்கா ஒருவர். கூட வந்திருந்தவர் அவருடைய மருமகன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா போகுது?" முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு மூணு தடவை தம்பி" என்றார். அதையே எழுதிக்கொண்டார்கள். கழிப்பறை வாசலில் நிற்கும்போது என்னிடம் சொன்னது, "ஏழெட்டு தாயி. மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது?"

தொடக்கத்தில் குறைத்துச் சொன்னால், நோய் அதிகமில்லை என்று, உண்மையில் நோய் முற்றியவரையே ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடும்போது குறைத்துச் சொன்னால், கேட்காத மருந்தும் கேட்டதாகத் தோன்றும். அந்த நோட்டை நம்பித்தான் நாளை ஊரெல்லாம் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள்.

சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மகளுடன் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். இப்போதே கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்றார்கள். போடாமல் வந்துவிட்டேன். மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளை மகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். விவரங்களை நமக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், படிவத்தின் நகலை நம் கையில் தர வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை தரும் ஆய்வானால், அதற்கு நோய் தீர்க்கும் குணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியும் கூட இருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட அந்த வராந்தாவில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாட்டில் நடக்கும் ஆய்வுகளை 2009-இலிருந்து கட்டாயமாகப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், ஆனால் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. உசிலம்பட்டி அக்காவுக்கு அதனால் என்ன பயன்?

மருந்து ஆய்வு நடத்துகிறவர்களையும், அதற்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கதவு சாத்திய ஓர் அறையில், உறவுக்காரர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒரு நர்சம்மா எங்களிடம் கேட்கட்டும். எழுத வராதவர்களுக்குக் கோடு போட்டால் போதும் என்கிற மாதிரி நோட்டு கொடுங்கள். படிவத்தை இரண்டு நாளாவது வீட்டில் வைத்துப் பார்க்க விடுங்கள். வந்துபோகிற பஸ் செலவைக் கொடுங்கள். இதைச் செய்கிற இடத்தில் ஆய்வு நடந்தால் நானும் வருவேன், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)