மைக்ரோஸ்கோப்பைப் பீரோவிலிருந்து எடுங்கள்: கொங்குப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்துப் பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும், வணக்கமுங்க.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் உயிரியல் ஆய்வகத்துப் பீரோவில் இருக்கும் மைக்ரோஸ்கோப்புகளைச் செய்முறைத் தேர்வு வாரத்துக்கு மட்டும் வெளியே எடுக்காமல், வருஷம் முழுக்கப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஆசிரியர் ஃபோகஸ் பண்ணி வைத்ததை வரிசையில் வந்து ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஸ்லைடு போட்டு, தானே திருகைத் திருப்பி, செல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நான் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பூட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் உடைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உடைந்த லென்ஸுக்கு ஆசிரியர் கைக்காசு கட்ட வேண்டி வந்தது, அதற்கப்புறம் அங்கே யாரும் அந்தப் பீரோ பக்கமே போகவில்லை. பிள்ளைகள் கையில் உடைந்த லென்ஸை விட, யாரும் தொடாமல் பூஞ்சை பிடித்துப் போன லென்ஸைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்திலேயே கலர் படம் இருக்கிறதே, வீடியோவும் போடுகிறோமே என்பீர்கள். சரி, ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சதையை உடைத்தால் உள்பக்கம் ஒரு மெல்லிய தோல் பிரிந்து வரும். அதைச் சுருங்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தில் ஊன்றிச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். முதல் தடவை பார்க்கிற பிள்ளை அநேகமாக அந்தக் குமிழியைத்தான் "சார், செல்லு!" என்று கூப்பிட்டுக் காட்டும். கருத்த விளிம்போடு அச்சு அசலான வட்டமாக இருந்தால் அது குமிழி என்று இரண்டு தடவை ஏமாந்தபிறகு தானாகப் புரியும். அப்புறம் செங்கல் அடுக்கியதுபோல செல்கள் வரும். நுண் திருகைக் கொஞ்சம் திருப்பினால் மேல் சுவர் மங்கி உள்ளே நியூக்ளியஸ் தெளிகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் கீழ்ச் சுவர். செல்லுக்கு ஆழம் உண்டு, அது தட்டையான கோட்டுப்படம் இல்லை என்று விரல் நுனியில் தெரிகிற இடம் இதுதான். எந்த வீடியோவிலும் இது கிடைக்காது, ஏனென்றால் அங்கே திருகு பிள்ளையின் கையில் இல்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். வெங்காயத் தோலைப் பார்த்ததாக எழுதிவிட்டு மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்களை எல்லாம் வரைந்து பெயர் குறித்திருப்பார்கள், நாமும் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவோம். 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 40 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்தால் 400 மடங்கு. அதில் சுவர், நியூக்ளியஸ், சைட்டோபிளாசம் தெரியும். எவ்வளவு நல்ல சாதாரண ஒளி நுண்ணோக்கியாக இருந்தாலும் ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே நெருங்கி இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது, ரைபோசோம் அதைவிடப் பல மடங்கு சின்னது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதச் சொல்லிக்கொடுப்பது அறிவியலே இல்லை. மூன்றே மூன்று பாகம் வரைந்திருந்தாலும், தன் கண்ணால் பார்த்த படத்துக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

இந்த ஊருக்கும் நுண்ணோக்கிக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. 1670-களில் நுண்ணுயிர்களை முதலில் பார்த்துச் சொன்ன லீவன்ஹூக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி. திருப்பூரில் இன்றைக்கும் துணியின் தரம் பார்க்க லென்ஸை வைத்து இழை எண்ணுகிறார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில்தான் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்றைய கரும்பு ரகங்களில் ஒரு செல்லுக்கு 100-க்கும் மேல் குரோமோசோம் உண்டு, அதையெல்லாம் ஒளி நுண்ணோக்கியில் கண் வைத்து எண்ணியவர்களின் ஊர் இது. கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பெப்ரின் என்ற பட்டுப்புழு நோயைப் பரப்பும் நுண்ணிய வித்து (ஸ்போர்) இல்லை என்று தெரிந்தால்தான் அந்த முட்டையை நம்பி வாங்க முடியும். 1860-களில் லூயி பாஸ்டர் காட்டிய வழி அது.

ஈரோட்டுப் பள்ளிகளுக்கு நான் சிபாரிசு செய்வது மஞ்சள். பச்சைக் கிழங்கைச் சுரண்டி ஒரு சொட்டு அயோடின் விட்டால் ஸ்டார்ச் மணிகள் கருநீலமாகத் தெரியும். பக்கத்திலேயே வேகவைத்த கிழங்கையும் வைத்துப் பாருங்கள், மணிகள் உப்பி உருவம் இழந்து ஒட்டிக் கிடக்கும். அப்பா எதற்கு மஞ்சளை வேகவைக்கிறார், உள்ளே என்னதான் நடக்கிறது என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும்.

பணம் பெரிய தடை இல்லை. ஒரு ஸ்மார்ட் போர்டு விலைக்குப் பள்ளி மாணவர்களுக்கான மைக்ரோஸ்கோப் பல வாங்கலாம். பழைய மாணவர்களும் மில்காரர்களும் என்ன வேண்டும் என்று கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்த மாடல் போதும், கரண்ட் போனாலும் ஜன்னலோர வெளிச்சத்தில் வேலை நடக்கும். ஆனால் கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்பக்கூடாது, கண் போய்விடும், இதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாலைந்து பிள்ளைக்கு ஒன்று இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுங்கள், 40 நிமிஷத்தில் ஸ்லைடு போடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. சாவி பாட ஆசிரியரிடம் இருக்கட்டும். கவர் ஸ்லிப் உடையத்தான் செய்யும், அதைத் தேய்மானக் கணக்கில் எழுதுங்கள், பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ வசூலிக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்து, நிறம் மாறினால் மாற்றுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தால் போதும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பரீட்சை, பரீட்சை என்று நீங்களே விடமாட்டீர்கள். லென்ஸ் மங்கியிருக்கிறது, திருகு இறுகியிருக்கிறது, யாருக்கும் கழற்றத் தெரியவில்லை என்றால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். பெருந்துறை, அவினாசி, கோபி சுற்றுவட்டாரத்துக்கு நானே வந்து துடைத்துச் சரிபண்ணிக் கொடுக்கிறேன், ஆசிரியர்களுக்கும் எப்படி என்று காட்டிவிட்டு வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.