திங்கட்கிழமை அட்டை: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு தகப்பனின் திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர் ஐயாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும் வணக்கம்.

போன திங்கட்கிழமை காலை வழிபாட்டில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் மேடையில்தான் இருந்தீர்கள். சனிக்கிழமைத் தேர்வில் ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்களைச் சட்டையில் சிவப்பு அட்டை குத்தி முன்னால் நிறுத்துகிறீர்கள். அன்றைக்கு என் மகள் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஆயாம்மா கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டார். அப்புறம் மறுபடியும் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினார்களாம். பழைய அட்டை நனைந்துவிட்டதால் புதிதாக ஒன்று குத்தினார்களாம். அந்த இரண்டாவது அட்டைதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தச் சிவப்பு அட்டையை நிறுத்துங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டதற்கு, "இது உளவியல் முறைங்க, எதிர்மறை வலுவூட்டல்" என்று பதில் வந்தது. நானும் பி.எட். முடித்தவன்தான், இப்போது ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன் என்பது வேறு கதை. வலுவூட்டல் பற்றிப் பாடம் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரை இன்னும் மறக்கவில்லை. அவர் சொன்ன எதிர்மறை என்பது கெட்டது என்ற பொருளில் இல்லை. ஒன்றை எடுத்துவிடுவது என்றுதான் அர்த்தம். காரில் பெல்ட் போடும்வரை பீப் பீப் என்று கத்துகிறது, போட்டதும் ஓய்கிறது. அடுத்த தடவை ஏறியதுமே கை பெல்ட்டுக்குப் போகிறது. தொல்லை விலகுவதால் ஒரு செயல் கூடுகிறதே, அதுதான் எதிர்மறை வலுவூட்டல். பிள்ளையை ஊரார் முன் நிறுத்துவதற்குப் பெயர் தண்டனை. தண்டிப்பதென்றால் தண்டனை என்றே சொல்லிவிடுங்கள், அந்த மனிதரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

இழுத்தாலும் அவர் உங்கள் பக்கம் பேச மாட்டார். நெம்புகோலை அழுத்தித் தீனி வாங்கப் பழகிய எலிகளை வைத்து அவர் செய்த சோதனை 1938இல் அச்சில் வந்தது. தீனியை நிறுத்திவிட்டு, சில எலிகளுக்கு மட்டும் தொடக்கத்தில் சிறிது நேரம், அழுத்தும்போதெல்லாம் காலில் ஓர் அடி. அடிபட்டவை சட்டென்று அடங்கின. அடி நின்ற பிறகு மறுபடி அழுத்த ஆரம்பித்து, கடைசியில் மொத்த அழுத்தல் எண்ணிக்கையில் அடிபடாத எலிகளுக்குச் சமமாக வந்துவிட்டன.

தண்டனை பலிக்கவே பலிக்காது என்று நான் சாதிக்க வரவில்லை. தவறு செய்த கையோடு, ஒவ்வொரு முறையும் விழுந்தால் செயலை அடக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சரி, உங்கள் கணக்கையே பார்ப்போம். தேர்வு சனிக்கிழமை, அட்டை திங்கட்கிழமை. நடுவில் இரண்டு இரவு. அட்டை குத்துவதற்குச் சற்று முன் அந்தப் பிள்ளை என்ன செய்தது? குளித்து, தலை பின்னி, ஏழரை மணி வேனைப் பிடித்துப் பள்ளிக்கூடம் வந்தது. அப்படியென்றால் அடி எதன்மேல் விழுகிறது?

மதிப்பெண் சனி இரவே வாட்சப்பில் வந்துவிடுகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் "வயிறு வலிக்குதுங்கப்பா" என்பாள். முதல் வாரம் மோரில் பெருங்காயம் கலக்கிக் கொடுத்து, மறுநாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். காலை பத்து மணிக்கு வலியைக் காணோம். அடுத்த ஞாயிறும் வலி. அட்டையிலிருந்து தப்பிக்க வயிற்றுவலி உதவியது, அதனால் வயிற்றுவலி கூடியது. நீங்கள் சொன்ன எதிர்மறை வலுவூட்டல் இங்கேதானுங்க இருக்கிறது, எங்கள் வீட்டில்! மூன்றாவது வாரம் நடிக்கிறாள் என்று அதட்டி வேனில் ஏற்றியவன் நான்தான். அன்றைக்குத்தான் வாந்தி.

அந்த மூன்று வாரமும் கணக்கில் அவள் வாங்கியது 31, 38, 44. ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஐம்பதுக்குக் கீழே என்பதால் மூன்று வாரமும் அதே பட்டியல். புறாவைச் சுற்றப் பழக்கிய ஸ்கின்னர், அது முழு வட்டம் அடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. லேசாகத் திரும்பினாலே தீனி போட்டார். புறாவுக்குக் கிடைத்தது என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அட்டை குத்திய அன்றைக்கு வகுப்பு கப்சிப்பென்று இருக்கிறது. அந்த அமைதி அவர்களுக்குக் கிடைக்கும் பரிசு, அடுத்த வாரம் கை தானாக அட்டைப் பெட்டிக்குப் போகிறது. இந்த முறையில் உண்மையிலேயே பழகிப்போனது அவர்கள்தான்.

வலுவூட்டல் உங்களுக்குத் தெரியாததும் இல்லை. பெருந்துறை ரோட்டில் நீங்கள் வைத்திருக்கும் பிளக்ஸில் முதலிடம் வந்த பிள்ளைகள் ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறார்கள். வேன் கட்டணம் ஒரு நாள் தள்ளிப்போனால் அபராதம் போடவும் தெரிகிறது. நான்கு வருடமாகத் தேதி தவறாமல் கட்டியதற்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மன உளைச்சல் கொடுப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பொருந்தும் என்பது உங்களுக்குத் தெரியும். சட்டம் பேசி அலைய எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. தயவுசெய்து சிவப்பு அட்டையை நிறுத்துங்கள். வரும் திங்கட்கிழமை வழிபாட்டுக்கு முன்பே நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். அன்றைக்கும் அவள் ஏழரை மணி வேனில்தான் வருவாள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
ஈரோடு.