கெரிஸுக்கு ‘இரும்பு, மரம்’ போதாது: அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய அருங்காட்சியகங்களில் மலாய் உலகின் மரபுக் குத்துவாளான கெரிஸ்களைக் காத்துவரும் அனைவருக்கும் வணக்கம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டை சொல்வது பல இடங்களில் இவ்வளவுதான்: ‘கெரிஸ். இரும்பு, மரம்.’ சில பெட்டிகளில் கத்தி உறையை விட்டு வெளியே வருவதே இல்லை. அப்புறம் எதைப் பார்ப்பது?

தயவுசெய்து உருவி வையுங்கள். லோக், அதாவது வளைவு, எத்தனை என்று எழுதுங்கள். பிடிப் பக்கமிருந்து முனைவரை இரு புறமும் மாறி மாறி எண்ண வேண்டும். இரட்டைப்படையில் முடிந்தால் மறுபடி எண்ணிப் பாருங்கள், மரபில் அது ஒற்றைப்படைதான்.

அடுத்தது பாமோர். சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி அடித்ததில் பிறக்கும் கோலம் அது. எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பட்டால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாகவே நிற்கும். சிந்திய அரிசிபோலப் புள்ளிகள் சிதறியிருந்தால் பெராஸ் வூத்தா. சின்னச் சின்ன வட்டச் சுழிகள் என்றால் ஊடான் மாஸ். அடியிலிருந்து நுனிவரை கோடுகள் ஓடினால் ஆடெக். பாமோரே இல்லாத கெரிஸும் உண்டு, அதையும் எழுதலாம். பளபளப்புக்காக பாலிஷ் போட்டுத் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், கறுப்பு போனால் கோலமும் போச்சு.

எனக்குப் பெரிய குறை பிடியில்தான். குளிர் ஜுரத்தில் கையைக் கட்டிக் குனிந்தவன்போல இருக்கும் ஜாவா டெமாம் பிடியையும், கிளந்தான், தென் தாய்லாந்தின் பட்டாணி வட்டாரப் பக்கத்து நீள மூக்கு தாஜோங் பிடியையும் ஒரே ‘மரப்பிடி’யில் அடக்கிவிடுகிறீர்கள். மரம் என்றால் எந்த மரம்? கெமுனிங்கா, வேறா? வெள்ளைப் பிடி எல்லாம் ‘தந்தம்’ என்றாகிவிடுகிறது. பிடியைக் கழற்றி, அதன் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் மட்டும் தெரிந்தால் திமிங்கிலப் பல்லாக இருக்கலாம். எந்த ரேகையுமே இல்லையா? பிளாஸ்டிக்கோ என்று சந்தேகப்படுங்கள். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவான பிறகு, இது வெறும் ரசனை விஷயமும் இல்லை.

இன்னொன்று. கத்தி ஜாவாவிலிருந்தும், பிடி சுலாவெசித் தீவின் பூகிஸ்காரர்களிடமிருந்தும், உறை திரெங்கானுவிலிருந்தும் வந்து ஒன்றுசேர்ந்த கெரிஸ்கள் உண்டு. அதற்கு ஒரே ஊர்ப்பெயர் போட்டால் தகவல் தப்பாகிவிடும். கத்தி, பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனி வரி கொடுங்கள். ஒரே நாளில் எல்லா அட்டையையும் மாற்ற முடியாதுதான். சரி, வெள்ளைப் பிடிகளிலிருந்து தொடங்குங்களேன்.

அன்புடன்,
உங்கள் காட்சிக்கூடங்களுக்கு அடிக்கடி வரும் ஒரு வாசகன்