வேதபாட ஐக்கியத்தின் ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான அங்கத்தினர்களுக்குச் செயலாளரின் தோத்திரம்.

வாராந்தர வேதபாடம் இவ்வாண்டும் தடையின்றி நடந்தது. உபவாச ஜெபம், நோயாளிகள் சந்திப்பு, வாலிபர் கூடுகை ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. நிர்வாகக் குழுக் கூட்டங்களில் சில, போதிய பேர் வராததால் தள்ளிப்போயின.

விரிவாகச் சொல்ல வேண்டியது, எபேசு சபையாருக்குப் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தைப் படித்த பாடத்தைப் பற்றி. "இதெல்லாம் தெரிந்த பகுதிதானே" என்று குழுவில் சிலர் தயங்கியபோதும் நான் விடாப்பிடியாக நின்று இதை எடுத்தேன். காரணம் நம் வருகைப் பதிவேடு. அதில் 'அங்கத்தினர்', 'விருந்தினர்' என்று இரண்டு பத்திகள் இருந்தன. ஞானஸ்நானம் பெற்று எத்தனையோ வாரங்கள் ஆன ஒரு சகோதரி, ஒவ்வொரு முறையும் தன் பெயரை விருந்தினர் பத்தியிலேயே எழுதிவந்தார். கேட்டபோது, "நான் புதுசுதானே ஐயா" என்றார். அந்தப் பதில் என்னை உறுத்தியது.

எருசலேம் தேவாலயத்தில் யூதரல்லாத புறஜாதியார் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டினால் சாவுக்குத் தாங்களே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எழுதிய எச்சரிக்கைக் கல் ஒன்று 1871இல் கிடைத்தது. எபேசியனாகிய துரோப்பீமைத் தேவாலயத்துக்குள் கூட்டிவந்தான் என்று எண்ணித்தான் ஜனங்கள் பவுலைப் பிடித்து அடித்தார்கள் (அப்போஸ்தலர் 21). அந்தப் பவுல்தான் சிறையிலிருந்து எழுதுகிறார்: பிரிவினையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார்; நீங்கள் இனி "அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து" என்று. விருந்தாளிக்கு உபசாரம் உண்டு, வீட்டில் உரிமை இல்லை. தேவனோ நம்மை உரிமையுள்ளவர்களாகவே சேர்த்துக்கொண்டார். பாரம்பரியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இதில் கூடுதல் பங்கு எதுவும் இல்லை. இதைச் சிலர் மனத்தாங்கலோடு கேட்டார்கள். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

பாடம் முடிந்த வாரமே பதிவேட்டில் 'விருந்தினர்' பத்தியை எடுத்துவிட்டோம். இப்போது ஒரே பத்தி. என் பொறுப்புக் காலத்தில் நடந்தவற்றில் இதையே முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்து சந்தா. பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை நீக்க வேண்டும் என்று குழுவில் யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். வசூலில் மெத்தனம் என்ற பேச்சும் அதனால் என் காதுக்கு வந்தது. மிகுந்த திரவியம் கொடுத்துக் குடியுரிமை வாங்கினேன் என்று பவுலிடம் சொன்னவன் ரோம சேனாபதி. தேவனுடைய ராஜ்யத்தில் யாரும் அப்படி இடம் வாங்கவில்லை. ஆகவே பணத்துக்காக ஒரு பெயரையும் அடிக்க என் கை வராது. ஆனால் வரவே வராதவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சரீரத்தில் ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று படிக்கிறோம். வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் கேட்டால், திரும்பத் திரும்ப அதே சிலர்தான் எழுந்திருக்கிறார்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் தணிக்கையாளரிடம் ஒப்படைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு சொற்பம்; கடன் இல்லை. பெயர் வெளியிட வேண்டாம் என்று சொல்லி உதவியவர்களாலேயே சில செலவுகள் ஈடுகட்டப்பட்டன.

போதகர் ஐயாவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிவைத்த வாலிபர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 1 பேதுருவை எடுக்க விருப்பம். சிதறிக்கிடந்த பரதேசிகளுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. முன்னே நீங்கள் தேவனுடைய ஜனங்களாயிருக்கவில்லை, இப்பொழுதோ அவருடைய ஜனங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிறது. நடத்த இருவர் வேண்டும். வீடு சந்திப்புக்கு இன்னும் அதிகம் பேர் வேண்டும். பாக்கியைக் கொடுக்கக் கூச்சப்பட்டு வராமல் இருப்பவர்கள் முதலில் வாருங்கள், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கொடுக்க முடிந்தும் மறந்தவர்களுக்காகப் பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை வாசலருகே உள்ள மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்