டாக்கா: அந்தஸ்து அல்ல, தவணை

ஆசிரியருக்கு,

சிறுவயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆவணமின்றி வளர்ந்தவர்களைப் பற்றிய கட்டுரையில், டாக்கா (DACA) என்ற அமெரிக்க அரசுத் திட்டம் அவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தந்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. நாடு கடத்துவதை 2 ஆண்டு தள்ளிப்போடுகிறார்கள்; கூடவே ஒரு வேலை அனுமதி அட்டை. நான்காண்டுப் பட்டப்படிப்பு முடிவதற்குள் அந்த அட்டை ஒருமுறையாவது காலாவதியாகும்.

காலாவதிக்கு 150 முதல் 120 நாள் முன்பே புதுப்பிக்கச் சொல்கிறது குடிவரவுத் துறை. ஐ-821டி, ஐ-765 என்ற இரு விண்ணப்பப் படிவங்கள், ஐ-765-இன் இணைப்புத் தாள் மூன்றும் சேர்ந்து போகவேண்டும். 2024 ஏப்ரலில் கட்டணம் இணையவழியில் 555 டாலர், தாளில் 605 டாலர் என்று ஏறியது. கையெழுத்து விட்டுப்போனாலும், பழைய பதிப்புப் படிவத்தில் நிரப்பினாலும் திரும்பி வந்துவிடும், வாரக்கணக்கில் வீண். புதுப்பிக்க மனுக் கொடுத்தாயிற்று என்பதற்காகப் பழைய அட்டை தானாக நீளாது. கெடு முடிந்த மறுநாள் வேலைக்குப் போகமுடியாது. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமமும் அதே தேதியில் முடிகிறது.

ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் அது புதுப்பித்தல் அல்ல, புது விண்ணப்பம். சிக்கல் அங்கேதான். 2021 ஜூலை 16 அன்று டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் இத்திட்டம் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்த பிறகு, புது விண்ணப்பங்களை வாங்கி வைத்தார்களே தவிர முடிவு சொல்லவில்லை. விண்ணப்பிக்க 15 வயது நிரம்பவேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே 2006 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த 15 வயது நிரம்பியபோது கதவு மூடியிருந்தது. 2007 ஜூன் 15-க்குப் பிறகு வந்தவர்களுக்கோ தொடக்கத்திலிருந்தே தகுதியில்லை. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஆவணமற்ற பிள்ளைகளை ‘டாக்கா மாணவர்கள்’ என்று எழுதுவது பெரும்பாலும் பிழை.

டெக்சாஸ் நிலை இன்னும் விசித்திரம். 2025 ஜனவரியில் 5-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடுகடத்தல் பாதுகாப்பையும் வேலை அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்து, வேலை அனுமதி சட்டத்துக்கு முரண் என்றது. அதற்கான தடையை டெக்சாஸுக்குள் மட்டும் நிறுத்தியது. அப்படியே நடைமுறைக்கு வந்தால் ஊரில் இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. மாநில எல்லை தாண்டிக் குடிபோவதைப் பற்றி இளைஞர்கள் கணக்குப் போடுவது இதனால்தான்.

இன்னொன்று. எச்-1பி என்ற வேலை விசாவில் வந்த பெற்றோரின் பிள்ளைகளையும் நம்மவர்கள் இதில் சேர்த்துப் பேசுகிறார்கள். திட்டம் அறிவிக்கப்பட்ட 2012 ஜூன் 15 அன்று செல்லுபடியாகும் விசாவில் இருந்தவர்களுக்கு டாக்கா கிடையாது. பெற்றோரைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசா 21 வயதில் முடியும்போது அவர்கள் மாணவர் விசாவோ வேறு வழியோ தேடவேண்டும். அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

ஒரு வாசகர்,
ஹூஸ்டன்